கதாசிரியர் தண்டி

தண்டி, பல்லவர்களின் தலைநகரான காஞ்சிபுரத்தில் 7ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த வடமொழி எழுத்தாளர். காவியாதர்சம் என்னும் அணியிலக்கண நூலும், தசகுமார சரிதம், அவந்திசுந்தரி கதை என்னும் இரண்டு உரைநடைக் கதை நூல்களும் இவர் பெயரில் கிடைக்கின்றன. தமிழ் மாணவர்களுக்கு இவர் அறிமுகமாவது தண்டியலங்காரம் வழியாகத்தான். உவமை, உருவகம், தன்மை, வேற்றுமை என்று அணிகளைப் பாடம் செய்தவர்கள் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதைக்காரர் இருந்ததை அறிவதில்லை. இலக்கணத் தண்டியின் நிழலில் கதைத் தண்டி மறைந்துவிட்டார். அவர் எழுதியவற்றுள் மிகச் சிறந்த கதையே காஞ்சிபுரத்து வணிகன் ஒருவன் பெண் தேடிப் போன கதை என்பதை நினைத்தால் இந்த மறதி இன்னும் உறுத்துகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தண்டியலங்காரத்தைத் தமிழில் இயற்றியவரும் தண்டி என்றே அழைக்கப்படுகிறார். அவர் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அந்நூலின் எடுத்துக்காட்டுப் பாடல்களில் அநபாய சோழன் புகழப்படுவதால் இரண்டாம் குலோத்துங்கன் காலம் என்று கொள்ளப்படுகிறது. அவருக்கு முதல்நூல் தந்தவர் காஞ்சித் தண்டி. இருவருக்கும் இடையே ஏறத்தாழ 400 ஆண்டுகள். தேர்வுத் தாள்களில் இருவரும் ஒருவராகிவிடுவது உண்டு. இக்கட்டுரை பேசுவது முதல் தண்டியைப் பற்றி.

வாழ்க்கை

பழைய ஆசிரியர்கள் பெரும்பாலோருக்கு வாழ்க்கை வரலாறு கிடையாது. தண்டிக்குக் கிடைத்திருப்பது அவரே அவந்திசுந்தரி கதையின் தொடக்கத்தில் தம் குடும்பத்தைப் பற்றி எழுதிவைத்ததால். இந்நூல் நெடுங்காலம் காணாமற்போயிருந்தது. சிதைந்த சுவடிகளிலிருந்து மா. ராமகிருஷ்ண கவி 1924இல் சென்னையில் பதிப்பித்தார். பின்னர் இன்னும் நீண்ட பகுதி 1954இல் திருவனந்தபுரத்தில் அச்சாயிற்று. ஆகவே தண்டியின் வாழ்க்கையைப் பற்றிய நம் அறிவுக்கு வயது 100 ஆண்டுகள்தாம்.

அவர் தரும் செய்தியின்படி குடும்பத்தின் வேர் வடமேற்கில் ஆனந்தபுரம். அங்கிருந்து அசலபுரத்துக்கு நகர்ந்த குலத்தில் தாமோதரர் என்னும் கவிஞர் பிறந்தார். தாமோதரர் கிராதார்ஜுனீயம் பாடிய பாரவியோடு நட்புக் கொண்டவர். கங்க மன்னன் துர்விநீதனிடம் இருந்தவர். பின்னர் பல்லவன் சிம்மவிஷ்ணுவின் அழைப்பால் காஞ்சிக்கு வந்து தங்கினார். தாமோதரரின் மகன் மனோரதர், மனோரதரின் மகன் வீரதத்தர், வீரதத்தருக்கும் கௌரிக்கும் பிறந்தவர் தண்டி. அதாவது காஞ்சியில் நான்காம் தலைமுறை. வந்தேறிய குடும்பம்தான், ஆனால் தண்டி பிறந்தபோது அது உள்ளூர்க் குடும்பமாகிவிட்டது.

சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். அதன்பின் பகைவர் படை நகரைச் சூழ்ந்தது. பஞ்சம் வந்தது. ஊரைவிட்டு வெளியேறிப் பல நாடுகளில் அலைந்தார். குருகுலங்களில் தங்கிப் படித்தார். அமைதி திரும்பியபின் காஞ்சிக்கு மீண்டார். சாளுக்கியன் முதலாம் விக்கிரமாதித்தன் 670களில் பல்லவ நாட்டின்மீது படையெடுத்துக் காஞ்சியைக் கைப்பற்றிய நிகழ்ச்சியோடு ஆய்வாளர்கள் இதனைப் பொருத்திப் பார்க்கின்றனர். தண்டி திரும்பி வந்து வாழ்ந்த காஞ்சி, இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மனின் காஞ்சி. இன்று பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்தைக் கடந்து போனால் வரும் கயிலாசநாதர் கோயில் அந்த மன்னன் கட்டியது. அதன் மணற்கல் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த நாட்களில் தண்டி அந்த ஊரில் எழுதிக்கொண்டிருந்தார் என்று கொள்வதில் தடையில்லை.

ஊரின்மேல் அவருக்கிருந்த பற்றுக்கு ஒரு விடுகதை சான்று. காவியாதர்சத்தின் மூன்றாம் பகுதியில் பிரகேளிகை எனப்படும் புதிர்ப் பாடல்களுக்கு எடுத்துக்காட்டு தருகிறார். ஒரு நகரம், அதன் பெயரின் நடுவில் மூக்கொலி, சுற்றிலும் நான்கு எழுத்துகள், அதை ஆளும் அரசர்களின் பெயருக்கு எட்டு எழுத்துகள். விடை: காஞ்சீ, பல்லவா:. க், ஆ, ஞ், ச், ஈ என்று பிரித்தால் ஞகரம் நடுவில் நிற்கும். வடமொழிப் பன்மையில் பல்லவர் பெயரைப் பிரித்தாலும் எட்டு ஒலிகள் சரியாக வரும். இலக்கண நூலில் உதாரணம் தேடும்போதும் அவர் கண் தெருவின்மேல்தான் இருந்திருக்கிறது.

மாமல்லபுரத்துத் தாமரை

அவந்திசுந்தரி கதை தொடங்கும் விதமே ஒரு மாயக்கதை. லலிதாலயர் என்னும் சிற்பி தண்டியிடம் வருகிறார். மாமல்லபுரத்தில் கடலோரத்தில் பள்ளிகொண்ட திருமாலின் சிலையில் உடைந்த கையைத் தாம் ஒட்டியிருப்பதாகவும், வந்து பார்த்து ஒட்டு தெரிகிறதா என்று சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறார். தண்டி நண்பர்களோடு போகிறார். எது பழைய கை, எது ஒட்டிய கை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலையில் மிதந்து வந்த செந்தாமரை ஒன்று திருமாலின் பாதத்தைத் தொடுகிறது. தொட்டதும் வித்தியாதரனாக மாறி வணங்கிவிட்டு வானில் பறந்துவிடுகிறது. அந்தத் தாமரைக்கு என்ன கதை என்று அறியும் ஆவலில் தண்டிக்கு அவந்திசுந்தரியின் கதை கிடைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது அற்புதத்துக்கு முன்னால் வரும் செய்தி. ஒரு கைவினைஞன் தன் வேலையைப் பற்றிய கருத்துக் கேட்க எழுத்தாளனிடம் வருகிறான். ஒட்டுத் தெரியாமல் வேலை செய்வதுதான் அங்கே பெருமை. உடலும் கரையும் தனித்தனியே நெய்யப்பட்டு இணைகிற கோர்வைப் புடவையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெருமை புதிதாக இராது. தண்டி வித்தியாதரனைச் சில வரிகளில் பறக்கவிடுகிறார்; சிற்பியின் கையை நின்று பார்க்கிறார். அவருடைய எல்லாக் கதைகளுக்கும் இந்த விகிதம் பொருந்தும்.

மாயமும் மோசடியும்

தசகுமார சரிதம் பத்து இளைஞர்களின் கதை. மகத மன்னன் ராஜஹம்சன் மாளவ மன்னனிடம் தோற்றுக் காட்டில் ஒளிகிறான். அவன் மகன் ராஜவாகனனும் ஒன்பது தோழர்களும் திசைக்கொருவராகப் பிரிந்து, மீண்டும் சந்தித்து, அவரவர்க்கு நேர்ந்ததைச் சொல்கிறார்கள். இன்று கிடைக்கும் நூலில் தண்டி எழுதியதாக ஏற்கப்படுவது நடுவிலுள்ள எட்டு உச்வாசங்கள் மட்டுமே. முன்னுள்ள பூர்வபீடிகையும் பின்னுள்ள முடிவும் பிறர் சேர்த்தவை. அவந்திசுந்தரி கதையும் தசகுமார சரிதமும் ஒரே பெருநூலின் உடைந்த துண்டுகள் என்ற கருத்தும் வலுவாக உள்ளது.

இளவரசன், இளவரசி, முனிவர், அரக்கன், யட்சி என்று தேவதைக் கதைக்குரிய எல்லாரும் இதில் இருக்கிறார்கள். ஆனால் மந்திரம் வேலை செய்வது வேறு விதம். அபகாரவர்மன் கதையைப் பார்க்கலாம். சம்பா நகரத்தில் அவன் திருடனாகிறான். திருடிய பொருள் எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்காமலிருக்க, தன் நண்பனிடம் பொன் சுரக்கும் தோல் பை ஒன்று இருப்பதாகக் கதை கட்டுகிறான். பைக்கு ஒரு நிபந்தனையும் வைக்கிறான்: வணிகர்க்கும் கணிகையர்க்கும்தான் அது சுரக்கும், அவர்களும் முறைகேடாகச் சேர்த்ததை உரியவர்க்குத் திருப்பித் தந்திருக்க வேண்டும். பேராசை பிடித்த காமமஞ்சரி என்னும் கணிகை அந்தப் பைக்காகத் தான் பறித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறாள். உபகாரவர்மன் கதையில் அழகற்ற அரசன் ஒருவன் வேள்வியால் அழகனாகிவிடலாம் என்று நம்பி உயிரை விடுகிறான். மந்திரகுப்தன் கதையில் ஏரியில் மூழ்கி எழுந்தால் புதிய உடல் கிடைக்கும் என்று நம்பியவனுக்கும் அதே கதி.

அள்ள அள்ளக் குறையாத பையும், உருமாற்றும் நீரும் உலகெங்கும் மாயக்கதைகளின் மூலதனம். தண்டி அவற்றை நம்பியவனை ஏமாற்றும் கருவிகளாக மாற்றிவிட்டார். உண்மையான அற்புதம் இல்லாமலும் இல்லை. காட்டில் உறங்கிய பிரமதியை யட்சி ஒருத்தி தூக்கிச் சென்று இளவரசி நவமாலிகையின் அருகில் கிடத்துகிறாள். விழித்தவன் கனவா நனவா என்று தவிக்கும் பகுதி மிக மென்மையானது. ஆனாலும் ஆசிரியரின் மனம் துள்ளுவது ஏமாற்று வேலைகளில்தான். இந்த நூலைச் சிறுவர்க்கான நீதிக்கதை வரிசையில் சேர்க்க முடியாததற்குக் காரணம் அதிலுள்ள சிருங்காரம் மட்டும் இல்லை. திருட்டும் பொய்யும் செய்பவர்கள்தாம் இதில் கதாநாயகர்கள். அவர்கள் தண்டிக்கப்படுவதும் இல்லை.

மொழி விளையாட்டு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மந்திரகுப்தனின் இதழ்களில் காதலியின் பற்கள் பட்ட காயம். ஆகவே அவன் தன் கதை முழுவதையும் இதழ்கள் பொருந்தும் ஒலிகளே இல்லாமல் சொல்கிறான். ஏழாம் உச்வாசம் முழுவதும் அப்படியே எழுதப்பட்டுள்ளது. தமிழில் நிரோட்டகம் என்று இதனைச் சொல்வோம். சிவப்பிரகாச சுவாமிகளின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி இவ்வகையில் பெயர்பெற்றது. ஒலி பிறக்கும் இடத்தைக் கட்டுப்படுத்திப் பாடுவதைப் பற்றிக் காவியாதர்சத்திலும் தண்டி பேசுகிறார். இலக்கணத்தில் வெறும் வித்தையாக இருப்பதற்குக் கதையில் ஒரு காரணம் கொடுத்தார் என்பதே அவர் திறமை.

ஒரு பிடி நெல்

ஆறாம் உச்வாசத்தில் மித்திரகுப்தன் ஒரு தீவில் பிரம்மராட்சசனிடம் சிக்குகிறான். நான்கு கேள்விக்கு விடை சொல்லாவிட்டால் தின்றுவிடுவேன் என்கிறது அது. வேதாளக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பழகிய சட்டகம். கொடியது எது? பெண்ணின் மனம். இல்லறத்தானுக்கு இன்பமும் நலமும் தருவது எது? மனைவியின் குணம். காதல் என்பது எது? மனத்தின் துணிவு. அரியதை முடிக்கும் வழி எது? அறிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை.

இரண்டாம் விடைக்கு வருவது கோமினியின் கதை. திராவிட நாட்டில் காஞ்சி நகரத்தில் பல கோடிக்கு அதிபதியான வணிகன் மகன் சக்திகுமாரன். வயது 18 இருக்கும். மனைவி இல்லாதவனுக்கும் சுகமில்லை, பொருந்தாத மனைவி வாய்த்தவனுக்கும் சுகமில்லை, பிறர் பேச்சை நம்பிப் பெண் எடுத்தால் என்ன கிடைக்குமோ என்று அவனுக்குக் கவலை. குறி சொல்பவனாக வேடமிட்டு, மேலாடை முனையில் ஒரு பிரஸ்தம் நெல்லை முடிந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறான். இலட்சணமுள்ள, தன் குலத்துப் பெண்ணைக் கண்டால், இந்த நெல்லைக் கொண்டு எனக்கு முழுச் சாப்பாடு போட முடியுமா என்று கேட்கிறான். வீடு வீடாகச் சிரித்துத் துரத்துகிறார்கள். துரத்தியவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றும்.

சிபி நாட்டில், காவிரியின் தென்கரையில், ஓர் ஊரில் அந்தப் பெண்ணைப் பார்க்கிறான். சிபி மரபினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் சோழர்கள்; செம்பியன் என்ற பட்டம் அதிலிருந்து வந்தது. எனவே இது தொண்டை நாட்டு மாப்பிள்ளைக்குச் சோழ நாட்டுப் பெண் பார்த்த கதை. வீடு இடிந்து கிடக்கிறது. செல்வம் போய்விட்டது. செவிலித்தாய் மட்டும் கூட இருக்கிறாள்.

கோமினி நெல்லை வாங்கிக்கொள்கிறாள். வந்தவனுக்குக் கால் கழுவ நீர் தந்து, தெளித்துப் பெருக்கிய திண்ணையில் உட்கார வைக்கிறாள். நெல்லை வெயிலில் காயவைத்துப் புரட்டுகிறாள். சமதரையில் பரப்பி மெல்லத் தேய்த்து, அரிசி நொறுங்காமல் உமியைப் பிரிக்கிறாள். நகைக்கு மெருகு போட இந்த உமி தட்டார்களுக்கு வேண்டும், விற்றுவிட்டு அந்தக் காசில் அதிக ஈரமும் அதிகக் காய்ச்சலும் இல்லாத விறகும் ஒரு சின்னப் பானையும் இரண்டு அகல் சட்டியும் வாங்கி வா என்று செவிலியை அனுப்புகிறாள். அரிசியை உரலில் குத்திப் புடைத்துக் கழுவி ஐந்து பங்கு நீரில் உலையிடுகிறாள். பருக்கை மொட்டுப் போல மலர்ந்ததும் தீயைத் தணித்துக் கஞ்சி வடிக்கிறாள். எரியாமல் எஞ்சிய கட்டைகளை நீர் தெளித்து அணைத்துக் கரியாக்குகிறாள். கரியும் விலைக்குப் போகிறது. அந்தக் காசில் காய், நெய், தயிர், எண்ணெய், நெல்லிக்காய், புளி வருகின்றன.

இரண்டு மூன்று கறி ஆகிறது. வடித்த கஞ்சியை ஈர மணலில் வைத்த புதுக் கலத்தில் ஊற்றி, விசிறியால் ஆற்றி, உப்பிட்டு, நறும்புகை காட்டுகிறாள். குளிக்க எண்ணெயும் நெல்லிக்காயும் தருகிறாள். குளித்து வந்தவனை மனையில் உட்காரவைத்து முற்றத்து வாழை இலை போடுகிறாள். முதலில் கஞ்சி. பிறகு நெய்யும் கறியுமாகச் சோறு. பிறகு தயிர், மோர். குடிக்கப் பூவாசம் ஏற்றிய குளிர்ந்த நீர். அவன் உண்டு முடித்தும் சோறு மிச்சம் இருக்கிறது.

1,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சாப்பாட்டின் வரிசையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பக்கம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இன்றும் தமிழ் வீட்டில் நெய்ச்சோறு முதலிலும் தயிர் கடைசியிலும்தான். ஆனால் இதனைச் சமையல் குறிப்பாக மட்டும் வாசிப்பது தண்டியைக் குறைத்து மதிப்பிடுவதாகும். கோமினி கையாள்வது சமையலைவிடப் பெரிய கணக்கு. வீணாகப் போகும் உமிக்கும் கரிக்கும் ஊரில் யார் வாங்குபவர், என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். கோடீசுவரன் மகன் கொண்டுவந்தது சரக்கு. அதை முதலாக்கியவள் அவள். வணிகம் தெரிந்தவள் அந்த வீட்டில் அவள்தான்.

இவ்வகைச் சோதனைக் கதைகள் ஐரோப்பாவிலும் உண்டு. 1812இல் முதல் தொகுதி வெளியிட்ட கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் மூன்று சகோதரிகளுக்குப் பாலாடைக்கட்டி தின்னக் கொடுத்து, மேல்தோலை அளவாகச் சீவியவளை மணப்பவன் ஒருவன் வருகிறான். அடுத்த கதையில் சோம்பேறிப் பெண் எறிந்த சணல் முடிச்சுகளைப் பொறுக்கி, சுத்தம் செய்து, நூற்று, நெய்து உடுத்திய வேலைக்காரப் பெண்ணுக்கே மாப்பிள்ளை போய்ச் சேர்கிறான். இரண்டும் அரைப்பக்கக் கதைகள்; சோதனை முடிந்தது, மணம் முடிந்தது. 1697இல் பாட்டிமார் கதைகளை அரசவைப் பிரெஞ்சு நடையில் எழுதிய பெரோவும் திருமணத்தோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார்.

தண்டி நிறுத்தவில்லை. அடுத்த வாக்கியத்தில் சக்திகுமாரன் அவளை மணந்து காஞ்சிக்கு அழைத்துப் போகிறான். அதற்கடுத்து, அவளைப் பொருட்படுத்தாமல் ஒரு கணிகையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கிறான். கோமினி அவளையும் தோழி போல நடத்துகிறாள். கணவனுக்குச் சோர்வின்றிப் பணிவிடை செய்கிறாள். வீட்டு வேலையைக் குறைவின்றி நடத்தி ஏவலர்களைத் தன் பக்கம் ஆக்கிக்கொள்கிறாள். இறுதியில் கணவன் குடும்பம் முழுவதையும் அவள் கையில் கொடுத்துவிட்டு அவள் வசமாகிறான். ஆகவே மனைவியின் குணமே இல்லறத்தானுக்கு நலம் என்று மித்திரகுப்தன் முடிக்கிறான். பிரம்மராட்சசனுக்கும் திருப்தி.

வாசகருக்குத் திருப்தி வருவது கடினம். கதையைத் திரும்பச் சொல்பவர்கள் இந்தப் பின்பகுதியை விட்டுவிட்டு வாழை இலையோடு முடித்துக்கொண்டால் அதன் காரணம் புரியும். பதிவிரதைப் புகழ்ச்சி என்று முழுக்கதையையும் ஏற்பவர்கள் உண்டு. பெண்ணடிமைக் கதை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒன்றைப் பார்ப்பதில்லை. ஒரு பிடி நெல்லுக்கு ஒரு பக்கம் செலவிட்ட ஆசிரியர், கணவனின் துரோகத்துக்கு ஒரு சிறு வாக்கியம்தான் தருகிறார். அதற்கு விளக்கமோ சாக்கோ இல்லை. பெண்ணின் அங்கங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, நெல்லால் சோதித்து, முழு மதிப்பெண் கொடுத்து மணந்தவனுக்குத் தன்னைச் சோதித்துக்கொள்ளத் தோன்றவில்லை என்பதை அந்தச் சுருக்கமே காட்டிக்கொடுக்கிறது. கோமினியும் கணவன் திருந்தக் காத்திருப்பதாகத் தண்டி எழுதவில்லை. உமியைச் செய்தது போலவே, கையில் இருப்பதைக் கொண்டு வீட்டைத் தன் ஆட்சிக்குக் கொண்டுவருகிறாள். இது விடுதலை இல்லை. ஆனால் புகழ்ச்சிக்காரர்கள் எண்ணும் பணிவும் இல்லை. தறிக்காரர் வீட்டில் தார் சுற்றும் பெண்ணின் உழைப்பு புடவைக் கூலியில் தனிக் கணக்காக வராமல் போவதை அறிந்தவர்கள், கணக்கில் வராத வேலையை 7ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் உட்கார்ந்து காசு காசாக எண்ணியதைக் கண்டு வியக்கலாம்.

இந்தக் கதைக்கு முன்னால் நிற்பது தூமினி கதை. திரிகர்த்த நாட்டில் 12 ஆண்டு மழை பொய்க்கிறது. மூன்று சகோதரர்கள் தானியத்தையும், ஆடுமாடுகளையும், வேலைக்காரர்களையும், பிள்ளைகளையும், மூத்தவர் மனைவிகளையும் வரிசையாகத் தின்று தீர்க்கிறார்கள். கடைசித் தம்பி தன் மனைவி தூமினியைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிவிடுகிறான். காப்பாற்றிய கணவனை அவள் பிறகு கிணற்றில் தள்ளுகிறாள். பெண் மனம் கொடிது என்பதற்கு இது உதாரணம் என்கிறான் மித்திரகுப்தன். மனைவியரைத் தின்ற அண்ணன்மாரைப் பற்றி அவனுக்குக் கருத்து ஏதும் இல்லை, ஆசிரியருக்கு இருந்திருக்கலாம். எப்படியானாலும் பஞ்சம் தின்ற நாட்டின் கதை முடிந்ததும் ஒரு பிரஸ்தம் நெல்லின் கதை தொடங்குகிறது. பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடிய சிறுவன்தான் வளர்ந்து இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தான். அரிசி நொறுங்காமல் உமி பிரிக்கும் கையை அவ்வளவு அருகில் பார்க்க, பசி தெரிந்த கண் வேண்டும்.

ஏற்பும் மறுப்பும்

காவியாதர்சத்தின் பயணம் வியப்புக்குரியது. 9ஆம் நூற்றாண்டில் கன்னடத்தில் கவிராஜமார்க்கம், சிங்களத்தில் சியபஸ்லகர, 12இல் தமிழில் தண்டியலங்காரம், 13இல் திபெத்திய மொழிபெயர்ப்பு என்று ஆசியாவின் பெரும்பகுதிக்கு அணியிலக்கணம் கற்பித்தது காஞ்சியில் எழுந்த நூல். யிகல் ப்ரோன்னர் பதிப்பித்து 2023இல் வெளிவந்த பெருந்தொகுப்பு இந்தப் பயணத்தை மட்டுமே ஆராய்கிறது.

கதைகளுக்கு அத்தகைய வாழ்வு அமையவில்லை. தெலுங்கில் 13ஆம் நூற்றாண்டில் கேதனர் தசகுமார சரிதத்தைக் காவியமாக்கித் திக்கனருக்குக் காணிக்கையாக்கினார். அபிநவ தண்டி என்ற பெயரும் பெற்றார். தமிழுக்கு வந்தது இலக்கணம் மட்டும். காவியாதர்சம் தன் முதற்பகுதியில் உரைநடைக் கதைக்கு இடம் கொடுத்து, கதை, ஆக்கியாயிகை என்ற இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு பெயர்கள்தாம் என்று வாதிடுகிறது. தமிழ் நூல் முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று செய்யுளை வகுத்து, காப்பியத்தில் உரை விரவி வரலாம் என்ற அளவில் நின்றுகொள்கிறது. அன்றைய தமிழில் தனி உரைநடைக் கதை இலக்கியமாக மதிக்கப்படாதபோது இது இயல்பே. ஆனால் விளைவு நீண்டது: கதைக்காரர் நெடுங்காலம் எல்லை தாண்டி வரவில்லை, அவர் வாழ்ந்த ஊரின் மொழிக்கே வரவில்லை.

ஐரோப்பியர்க்கு நூல் 1846இல் எச். எச். வில்சன் பதிப்பால் தெரிந்தது. 1873இல் பி. டபிள்யூ. ஜேக்கப் விக்டோரியா கால நாணத்துக்கு ஏற்பக் கத்தரித்து ஆங்கிலத்தில் தந்தார். ஜெர்மனில் மேயர் 1902இலும், ஆங்கிலத்தில் ஆர்தர் ரைடர் 1927இலும், இசபெல் ஓனியன்ஸ் 2005இலும் மொழிபெயர்த்தனர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகாசே என்னும் பதிப்பாசிரியர், காவியாதர்சம் எழுதியவர் இந்தக் கதைகளை எழுதியிருக்க முடியாது என்று வாதிட்டார். இலக்கண நூல் விலக்கும் கொச்சையும் குற்றங்களும் கதை நூலில் மலிந்திருக்கின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். இது வலுவான வாதம் இல்லை. யாப்புச் சொல்லிக்கொடுப்பவர் பேச்சுத் தமிழில் கதை எழுதுவதில்லையா? அவந்திசுந்தரி கதை வெளிவந்தபின், ஆசிரியர் காஞ்சியில் வாழ்ந்தவர் என்பதும், இலக்கண நூலின் விடுகதையும், கோமினியின் மாப்பிள்ளை ஊரும் ஒரே திசையில் கைகாட்டுகின்றன. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் மூன்றையும் ஒருவருக்கே உரியதாகக் கொள்கின்றனர்.

உவமைக்குக் காளிதாசர், பொருட்செறிவுக்குப் பாரவி, பதலாலித்தியத்துக்குத் தண்டி என்பது வடமொழி மரபில் வழங்கும் பாராட்டு. சொல்லினிமை என்று அதைச் சுருக்கிவிடுவது போதாது. பாணரின் வாக்கியங்கள் பக்கக்கணக்கில் ஓடும்போது தண்டி நினைத்த இடத்தில் நிறுத்துகிறார். கணிகையை வீட்டுக்கு அழைத்து வந்தான் என்ற வாக்கியம் அதற்குச் சான்று.

முதன்முறை படிப்பவர்கள் நூலைத் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பூர்வபீடிகை பிறர் கை; நடையும் தளர்வு. ஆறாம் உச்வாசத்தைப் படித்து, பிறகு இரண்டாவதாகிய அபகாரவர்மன் கதைக்குப் போகலாம். அரசியல் நூல்களைக் கேலி செய்யும் எட்டாவது உச்வாசம், அர்த்தசாஸ்திரம் ஓரளவு அறிந்தபின் படித்தால்தான் சிரிப்பு வரும். அந்த எட்டாவது கதை நடுவிலேயே நின்றுபோகிறது. அதற்குப்பின் வருபவை தண்டியின் சொற்கள் அல்ல.